ஐஸ் பெட்டிகளின் துர்நாற்றமும் அதனைப் போக்கும் முறைகளும்

குளம் குட்டைகளில் மீன் வளர்ப்பவர்களும், கறவை மாடுகள் வைத்திருப்பவர்களும், மல்லிகை முதலிய மலர்களைத் தொலைவிலுள்ள சந்தைகளுக்கு அனுப்புகிறவர்களும் இக்காலத்தில் ஐஸ் பெட்டிகளைப் பெரிதும் உபயோகித்து வருகிறார்கள். திடமான பிளாஸ்டிக் சுவர்களும் இறுக மூடும் மூடியும் கொண்ட இப்பெட்டி, கவனமாய்க் கையாண்டால் பல வருஷங்கள் உழைக்கக் கூடியது. ஆயினும் வாங்கிய இரண்டொரு வருஷங்களுக்குள்ளேயே அனேகம் பெட்டிகள் கொட்டகையின் மூலையில் ஒதுக்கப்பட்டு, தவிடு கொட்டி வைக்கவும் கோழிக் குஞ்சுகளை அடைக்கவும் பயன்படுவதைக் காணலாம். காரணம் விசாரித்தால், பெட்டி உடைந்துவிட்டது என்று சொல்பவர்கள் சிலரே; எவ்வளவு கழுவியும் நாற்றம் போகவில்லை என்று சொல்பவர்களே பலர்.

நாற்றம் போகாமைக்குக் காரணம் உழைப்புக் குறைவன்று. சோப்பும் நாருமாய் அரை நாள் தேய்த்தும் பலன் காணாதவர்கள் உண்டு. நாற்றம் எல்லாம் ஒரே தன்மையுடையது என்று எண்ணி, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தைப் பிரயோகிப்பதே தவறு. மீனால் உண்டாகும் நாற்றம் வேறு. புளித்த பாலால் உண்டாகும் நாற்றம் வேறு. ஈரத்தோடு மூடி வைத்ததால் பூசணம் பற்றி உண்டாகும் நாற்றம் வேறு. ஒன்றுக்கு உதவுவது மற்றொன்றுக்கு உதவாது. இவ்வேற்றுமையை அறிந்துகொண்டால் பெரும்பாலான பெட்டிகளைச் சொற்பச் செலவில் மீட்டுவிடலாம். மீட்க முடியாத பெட்டி எது என்பதையும் உடனே தெரிந்துகொண்டு வீண் உழைப்பைத் தவிர்க்கலாம்.

பெட்டியின் அமைப்பு

பனிக்கட்டியை உருகாமல் காப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. வட அமெரிக்காவின் ஏரிகளில் குளிர்காலத்தில் அறுத்தெடுத்த பனிக்கட்டிகளை மரத்தூளில் பொதிந்து, கப்பல் வழியாய்ச் சென்னைக்குக் கொண்டுவந்து விற்ற காலம் ஒன்றிருந்தது. அதற்காக 1842-ல் கடற்கரையில் கட்டப்பட்ட கிடங்கே ‘ஐஸ் ஹவுஸ்’ என்று பெயர் பெற்று, இன்று விவேகானந்தர் இல்லமாய் விளங்குகிறது. மரத்தூளின் துகள்களுக்கு இடையே அசையாமல் நிற்கும் காற்றே அன்று வெப்பத்தைத் தடுத்தது. இன்றைய பெட்டியிலும் தடுப்பது காற்றைப் போன்ற வாயுவே. 1937-ல் ஜெர்மனியில் கண்டுபிடிக்கப்பட்ட பாலியூரிதேன் என்னும் வஸ்துவை நுரையாக்கி, வெளிச்சுவருக்கும் உட்சுவருக்கும் நடுவே நிரப்பி இறுகச் செய்கிறார்கள். நுரையின் கண்ணுக்குத் தெரியாத அறைகளில் வாயு அடைபட்டு நிற்கிறது. உள், வெளிச் சுவர்கள் பெரும்பாலும் பாலிதீன் இனத்தைச் சேர்ந்தவை. தெர்மகோல் பெட்டி இவ்வாறன்று. அதற்குத் தனிச் சுவர் கிடையாது. மணிமணியாய் ஒட்டியிருக்கும் அதன் உடம்பின் இடுக்குகளில் மீன் இரத்தமும் பாலும் இறங்கிவிடுமாதலால், அதை உள்ளபடி சுத்தி செய்ய முடியாது. தெர்மகோலை ஓரிரு தடவைக்கு மேல் உணவுக்கு உபயோகியாமல் இருப்பதே நலம். இங்கே கூறப்படுவன யாவும் திடச் சுவர்ப் பெட்டிக்கே உரியவை.

இவ்வமைப்பிலிருந்து மூன்று விஷயங்கள் விளங்கும். முதலாவது, கொதிக்கும் ஜலத்தை உள்ளே ஊற்றினால் பாலிதீன் இளகி, உட்சுவர் நுரையை விட்டுப் பிரிந்து உப்பிக்கொள்ளும். ஆகையால் கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் கூடாது. இரண்டாவது, பாலிதீன் எண்ணெய்ப் பசையுள்ள வாசனைகளை மெல்ல மெல்லத் தன்னுள் இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. கழுவியவுடன் நாற்றமில்லாதிருந்த பெட்டி, வெயிலில் மூடி வைத்து மாலையில் திறந்தால் மறுபடி நாறுவதன் காரணம் இதுவே. உட்சுவர் பருகியிருந்ததைச் சூடு வெளியே தள்ளுகிறது.

மூன்றாவதே மிகவும் முக்கியமானது. உட்சுவரில் விரிசல் கண்டாலும், வடிகால் துவாரத்தின் ஓரம் தளர்ந்தாலும், ஜலம் சிறுகச் சிறுக நுரைக்குள் இறங்கிவிடும். இறங்கிய ஜலம் தனி ஜலமன்று. மீன் கழுவிய நீரும் பால் சிந்திய நீருமே. அது உள்ளே கிடந்து அழுகும்போது வெளியே எதனால் தேய்த்தும் பயனில்லை. மேலும், நுரையைக் காட்டிலும் ஜலம் இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்துவதால், அப்பெட்டியில் ஐஸ் தங்காது. நுரை நனைந்ததா என்று கண்டறிய எளிய வழி தராசுதான். பெட்டி வாங்கிய அன்றே வெறும் பெட்டியை நிறுத்து, அந்த எடையை அதன் அடிப்புறத்தில் அழியாத மையால் எழுதிவைக்க வேண்டும். பின்னொரு நாள் நன்றாய்க் காயவைத்து நிறுத்தபோது 2 கிலோ கூடியிருந்தால், 2 லிட்டர் ஜலம் நுரைக்குள் இருக்கிறதென்று அறியலாம். அப்படிப்பட்ட பெட்டியை உணவுக்கு உபயோகிப்பதை விட்டுவிட வேண்டியதே. எடை எழுதிவைக்காதவர்கள், பெட்டியைக் காதருகே சாய்த்து ஆட்டிப் பார்க்கலாம். சுவருக்குள் ஜலம் புரளும் ஓசை சில சமயம் கேட்கும். ஆனால் ஓசை கேளாததனால் மட்டும் பெட்டி நல்லதென்று தீர்மானிக்க இயலாது.

நாற்றத்தின் வகைகள்

கடல் மீனின் உடம்பில், உப்பு நீரில் வாழ்வதற்குத் துணையாய், ஒரு வித நைட்ரஜன் சத்து இருக்கிறது. மீன் இறந்தபின் கிருமிகள் அதைத் தின்று, டிரைமெதிலமைன் என்னும் வாயுவை உண்டாக்குகின்றன. ‘மீன் கவிச்சி’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதுவே. இது அம்மோனியாவுக்கு உறவான க்ஷாரப் பொருள். ஆகையால் புளிப்புப் பொருள் எதனோடு சேர்ந்தாலும் உப்பாக மாறிவிடும். உப்பு ஆவியாய் எழாதாகையால் மூக்குக்கு எட்டாது. மீன் அரிந்த கையைப் புளியாலும் எலுமிச்சம்பழத் தோலாலும் தேய்த்துக் கழுவும் நம் வீட்டுப் பெண்மணிகளின் வழக்கத்துக்கு இரசாயன சாஸ்திரம் கூறும் காரணம் இது. மீன் குழம்பில் புளி கரைத்து ஊற்றுவதிலும் ருசியோடு இந்த லாபமும் இருக்கிறது.

கட்லா, ரோகு, மிருகால் முதலிய குளத்து மீன்களில் மேற்படி சத்து மிகவும் குறைவு. ஆகையால் அவற்றை ஏற்றிய பெட்டியில் கடல் மீன் கவிச்சி அவ்வளவாய் இராது. ஆனால் வழவழப்பும் இரத்தமும் அழுகி, அம்மோனியாவும் கந்தகம் கலந்த வாயுக்களும் உண்டாகும். அழுகிய முட்டையை நினைப்பூட்டும் இந்தக் கந்தக நாற்றத்துக்குப் புளிப்பு உதவாது, குளோரின் உதவும். இதைப் பின்னர்ச் சொல்லுவோம். குளத்து மீனில் சிலசமயம் வீசும் மண்வாசனை வேறு சங்கதி. அது குளத்து நீரிலுள்ள நீலப்பச்சைப் பாசி முதலியவற்றால் மீனின் சதைக்குள்ளேயே ஏறியிருப்பது. அதற்காகப் பெட்டியைக் குறை கூறலாகாது.

பாலின் கதை இதற்கு நேர் மாறானது. சிந்திய பாலில் உள்ள சர்க்கரை கிருமிகளால் லாக்டிக் அமிலமாகிறது. வெண்ணெய்ச் சத்து சிதைந்து பியூட்டிரிக் அமிலம் முதலியவற்றைத் தருகிறது. கெட்டுப்போன வெண்ணெயின் மட்கிய நாற்றம் இந்தப் பியூட்டிரிக் அமிலத்தினுடையதே. இவை புளிப்புப் பொருள்களாகையால் எலுமிச்சையும் வினிகரும் இவற்றை அசைக்கமாட்டா. க்ஷாரப் பொருளாகிய சோடாவே இவற்றை உப்பாக மாற்றி அடக்கும். மீன் பெட்டிக்குச் சோடாவையும் பால் பெட்டிக்கு வினிகரையும் பிரயோகித்து, இரண்டும் பயனற்றவை என்று முடிவுகட்டியவர்கள் அனேகர்.

இரண்டையும் ஒருங்கே கலந்து ஊற்றுகிறவர்களும் உண்டு. சோடாவில் வினிகரை விட்டால் பொங்கி நுரைப்பதைப் பார்த்து, ஏதோ பெரிய வேலை நடப்பதாக அவர்கள் எண்ணுகிறார்கள். உண்மையில் பொங்குவது கரியமில வாயு. எஞ்சுவது ஏறக்குறைய உப்பு நீர். ஒன்றை ஒன்று கொன்றுவிட்ட பிறகு நாற்றத்தோடு போராட எதுவும் மிஞ்சுவதில்லை.

கழுவும் முறை

நாற்றத்துக்கு மருந்திடுவதற்கு முன் அழுக்கைப் போக்கியாக வேண்டும். இதில் முதல் கழுவல் பச்சைத் தண்ணீரிலேயே இருக்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே சுடுநீரை ஊற்றினால், முட்டையின் வெண்கரு வெந்து சட்டியில் பிடிப்பதுபோல, மீன் இரத்தமும் பாலின் புரதமும் உட்சுவரில் வெந்து ஒட்டிக்கொள்ளும். கறவைப் பாத்திரங்களைக் கழுவும் முறையும் இதுவே. ஆகவே பெட்டி காலியானவுடன், அழுக்கு உலர்வதற்குள், வடிகாலைத் திறந்துவிட்டு, இரண்டு மூன்று குடம் தண்ணீரைச் சுவர்களின்மேல் வாரி அடித்து வழியவிட வேண்டும். சந்தையிலிருந்து திரும்பும் முன்பே அங்குள்ள குழாயடியில் இதைச் செய்துவிட்டால் வீட்டில் பாதி வேலை மிச்சம்.

அதன்பின் கை பொறுக்கும் வெந்நீரில் சோப்புத்தூள் கரைத்து, மிருதுவான தூரிகையாலோ துணியாலோ தேய்க்க வேண்டும். பால் பெட்டியில் கொழுப்பு அதிகமாகையால், 10 லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம் சலவைச் சோடா கரைத்து உபயோகிப்பது நன்று. கை தோல் உரியாமலிருக்க ரப்பர் உறை அணிந்துகொள்ளலாம். பித்தளைக் குடத்தைத் துலக்குவதுபோல் சாம்பலும் செங்கல் தூளும் தேங்காய் நாரும் கொண்டு பிளாஸ்டிக்கைத் தேய்ப்பதும், இரும்புக் கம்பிச் சுருளால் சுரண்டுவதும் கூடா. பித்தளையில் ஏற்படும் கீறல் பளபளப்பு ஆகிவிடும். பிளாஸ்டிக்கில் ஏற்படும் கீறலோ கிருமிகள் குடியிருக்கும் கால்வாய் ஆகும். கிருமிகள் அங்கே ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றி வழவழப்பான ஒரு படலத்தை அமைத்துக்கொள்கின்றன. அதன் பிறகு மருந்து நீர் அவற்றை எளிதில் எட்டுவதில்லை. குளிர்ச்சியில் கிருமிகள் இறந்துவிடுமென்று நம்புவதும் பிசகு. குளிர்ச்சி அவற்றின் பெருக்கத்தைத் தாமதிக்கச் செய்யுமேயன்றிக் கொல்லாது. லிஸ்டீரியா என்னும் நோய்க் கிருமி ஐஸ் பெட்டியின் குளிரிலும் மெதுவாகப் பெருகக் கூடியது.

பெட்டியின் விரிந்த சுவர்களைப் பளிச்சென்று கழுவிவிட்டு, நாற்றத்தின் இருப்பிடங்களை மறந்துவிடுவது சகஜம். வடிகால் துவாரத்தின் குழாய், அதன் அடைப்பானிலுள்ள ரப்பர் வளையம், மூடியின் விளிம்பிலுள்ள ரப்பர் பட்டை, கீல்களின் சந்து ஆகிய இந்நான்கு இடங்களிலேயே பெரும்பாலும் நாற்றம் குடியிருக்கும். அடைப்பானைத் திருகி முழுவதும் கழற்றி, ரப்பர் வளையத்தையும் உருவி எடுத்துச் சோப்பு நீரில் ஊறவைக்க வேண்டும். வளையத்தின் அடியில் கறுத்த கூழ் படிந்திருப்பதைப் பார்த்தவுடன், இத்தனை நாள் மூக்கைத் துளைத்தது எது என்பது விளங்கிவிடும். குழாய்க்குள் விட்டுத் தேய்க்கப் புட்டி கழுவும் தூரிகை போதும். மூடியின் ரப்பர் பட்டை கழற்றக்கூடியதாயின் கழற்றியும், இல்லையேல் விரலால் விரித்துப் பிடித்துப் பழைய பல் தூரிகையாலும் தேய்க்கலாம். வெடித்துப்போன பட்டையையும் வளையத்தையும் மாற்றிவிட வேண்டும். அவற்றின் விலை, உருகிப்போகும் ஒரு நாள் ஐஸின் விலைக்கு மேல் அதிகமிராது.

மருந்திடுதல்

கழுவியபின் நாற்றம் இன்னும் இருந்தால், அதன் இனத்தை மூக்கால் அறிந்து தக்கபடி செய்க.

மீன் கவிச்சிக்கு: வினிகரும் தண்ணீரும் சம பாகம் கலந்து, அல்லது நாலைந்து எலுமிச்சம்பழங்களின் சாற்றை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, துணியை நனைத்து உட்சுவர் முழுவதும், மூடியின் உட்புறம் உட்படப் பூசி, கால் மணி முதல் அரை மணி நேரம் ஈரம் உலராமல் வைத்திருந்து, பிறகு ஏராளமான தண்ணீரில் கழுவ வேண்டும். புளிக்கரைசலும் வேலை செய்யும். ஆனால் அதிலுள்ள சர்க்கரைச் சத்து இடுக்குகளில் தங்கினால் எறும்பும் பூசணமும் வருமாதலால் மேலும் இரண்டு தடவை அலச வேண்டும்.

பால் நாற்றத்துக்கு: ஆப்பசோடா என்று கடைகளில் விற்கும் சமையல் சோடாவைச் சிறிது தண்ணீரில் குழைத்து, கூழ் போலாக்கி, நாற்றமுள்ள இடங்களில் அப்பி, இரவு முழுவதும் விட்டு வைத்து மறுநாள் கழுவலாம். இது மீன் பெட்டிக்குத் தீங்கு செய்யாது. கவிச்சிக்கு மருந்தும் ஆகாது. மீனும் பாலும் மாறி மாறி ஏற்றிய பெட்டியாயின், முதலில் ஒன்று, நன்றாய் அலசியபின் மற்றொன்று என்ற முறையில் இரண்டையும் செய்ய வேண்டும்.

கந்தக நாற்றத்துக்கும் பூசணத்துக்கும் குளோரின் தகும். கிருமிகளைக் கொல்வதற்கும் அதுவே எளிதிற் கிடைப்பது. புதிய பிளீச்சிங் பவுடரில் சுமார் 30 சதவீதம் குளோரின் கிடைக்குமாதலால், 10 லிட்டர் தண்ணீருக்கு 7 கிராம் போதும். மட்டமாய் வழித்த இரண்டு தேக்கரண்டி ஏறக்குறைய இந்த அளவாகும். இதனால் பத்து லட்சம் பங்கு நீருக்குச் சுமார் 200 பங்கு குளோரின் உள்ள கரைசல் உண்டாகும். ஒரு வாளியில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் இறுத்து உபயோகிக்க வேண்டும். திரவ வடிவில் 5 சதவீதச் சத்துடன் விற்கும் ஹைப்போகுளோரைட் ஆயின் 10 லிட்டருக்கு 40 மில்லி லிட்டர். பத்து நிமிஷம் சுவர்களில் படும்படி விட்டுக் குடிநீரால் அலசிவிடலாம். அளவை இரட்டிப்பதால் நாற்றம் இரட்டை வேகத்தில் போய்விடாது. ரப்பரும் கீல்களுமே விரைவில் கெடும். ஆனால் பவுடர் பழையதாகி, திறந்தவுடன் மூக்கில் ஏறும் நெடி குறைந்துவிட்டதாயின் அதில் சத்தும் குறைந்துவிட்டது என்று கொள்க. ஈரம் படாமல் இறுக மூடி, நிழலில் வைத்த பவுடரே நம்பத்தக்கது.

அழுக்குப் போகாத பெட்டியில் இக்கரைசலை ஊற்றுவது வீண் செலவு. குளோரின் கிருமியையும் அழுக்கையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. முன்னால் அகப்பட்ட இரத்தத்தோடும் பாலோடும் போராடியே தன் சக்தியை இழந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிளீச்சிங் பவுடரை வினிகர், எலுமிச்சைச் சாறு, புளி, கழிவறை கழுவும் திராவகம் இவற்றில் எதனோடும் கலக்கலாகாது. கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும். 1915 ஏப்ரல் மாதத்தில் ஈப்ரு நகரை அடுத்த போர்க்களத்தில் ஜெர்மானியர் எதிரிகள்மேல் ஏவியது இதே வாயுவைத்தான். பெட்டிக்குள் தலையைக் குனிந்து தேய்த்துக்கொண்டிருப்பவருக்கு அது காற்றைவிடக் கனமானதாகையால் கீழேயே தேங்கி நேரே நெஞ்சில் ஏறும். காலையில் வினிகர் பூசிய பெட்டியை நன்றாய் அலசி முடித்த பிறகே குளோரின் கரைசலை எடுக்க வேண்டும்; அதையும் வாசலிலோ களத்திலோ காற்றோட்டத்தில்தான் செய்ய வேண்டும். குடியானவர்களுக்கு உரிய மற்றோர் ஆபத்தும் உண்டு. யூரியா கரைத்த வாளியிலோ, மாட்டு மூத்திரம் பிடித்த பாத்திரத்திலோ பிளீச்சிங் பவுடரைக் கரைத்தால் அம்மோனியா இனப் பொருள்களோடு சேர்ந்து வேறு விஷவாயுக்கள் உண்டாகும். இதற்கென்று ஒரு வாளியைத் தனியே ஒதுக்கி வைப்பது உத்தமம். தவறிக் கலந்துவிட்டால், அதைச் சரிசெய்ய முயலாமல், காற்று வரும் திசையில் அப்பால் போய்விட வேண்டும். இருமலும் மூச்சுத்திணறலும் கண்டால் தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்க.

மருந்திட்டபின் வெயிலில் காயவைப்பது அவசியம். மூடியை முழுவதும் திறந்து, உட்புறம் வெயில் படும்படி பெட்டியைச் சாய்த்து, காலை முதல் பகல் வரையில் வைத்தால் போதும். சூடு சுவரினின்று வாசனையை வெளிப்படுத்தும். காற்று அதனைக் கொண்டுபோகும். வாரக்கணக்கில் வெயிலில் போட்டுவிடுவது பிளாஸ்டிக்கை நொறுங்கச் செய்யும். சுவர் ஆழமாய்ப் பருகிவிட்ட நாற்றம் ஒரு நாளில் போகாது. மூன்று நான்கு நாள் காலை வெயிலும், இரவில் பெட்டிக்குள் திறந்த தட்டில் அடுப்புக்கரித் துண்டுகளோ சமையல் சோடாவோ வைப்பதும் வேண்டியிருக்கும். கசக்கிய செய்தித்தாள் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். அடிக்கடி மாற்ற வேண்டும்.

சாம்பிராணிப் புகை, ஊதுவத்தி, காப்பித்தூள் ஆகியன நாற்றத்தைப் போக்குவதில்லை. ஒரு வாசனையின்மேல் மற்றொரு வாசனையைப் போர்த்துகின்றன. போர்வை விலகியபின் இரண்டும் கலந்து வீசுவது முன்னதினும் சகிக்கக் கூடாததாயிருக்கும். பினாயில், மண்ணெண்ணெய், அந்துருண்டை ஆகியவை அதைவிடக் கெடுதல். பாலிதீன் அவற்றை ஆவலோடு இழுத்துக்கொள்ளும். பிறகு அப்பெட்டியில் வைத்த வெண்ணெய்க்கும் தயிருக்கும் அவற்றின் வாடை ஏறும். அந்துருண்டை உணவோடு சேரத்தக்க பொருளே அன்று. மீன் நாற்றத்துக்குப் பயந்து பினாயில் தெளித்துப் பெட்டியை அடியோடு கெடுத்துக்கொள்வது கிராமங்களில் சாதாரணமாய் நடப்பது.

சோதனையும் பெட்டிகளை ஒதுக்குதலும்

நாற்றம் போயிற்றா என்பதைக் கழுவியவரின் மூக்கைக் கொண்டு தீர்மானிக்கலாகாது. ஒரே நாற்றத்தில் நெடுநேரம் இருந்த மூக்கு அதை உணராமற் போய்விடும். காய்ந்த பெட்டியை மூடி, ஓர் இரவு சூடான அறையில் வைத்து, காலையில் வேறொருவரை அழைத்துத் திறந்து முகரச் செய்ய வேண்டும். பால் பொருள்களுக்கு உபயோகிக்க எண்ணினால் மேலும் நுட்பமான சோதனை உண்டு. எலுமிச்சை அளவு புது வெண்ணெயைத் திறந்த கிண்ணத்தில் வைத்துப் பெட்டிக்குள் ஐஸுடன் ஓர் இரவு மூடி வைத்து, மறுநாள் சிறிது ருசிபார்க்கலாம். வெண்ணெய் வாசனைகளைத் தேடிப் பிடிக்கும் இயல்புடையது. மூக்கு தவறவிட்டதை அது காட்டிக்கொடுக்கும்.

கடற்கரையூர்களில் மீன் வியாபாரிகள் கழித்த பெட்டிகள் மலிவாய்க் கிடைக்கின்றன. புதியதன் விலையில் சிறு பாகத்துக்குக் கிடைப்பதால் உள்நாட்டு விவசாயிகள் ஆசைப்படுவது இயல்பே. வாங்கும்முன் தூக்கிப் பார்க்க வேண்டும். அதே அளவுள்ள புதிய பெட்டியைவிடக் கனத்தால் எந்த விலைக்கும் வேண்டாம். கனக்காமலும் விரிசல் இல்லாமலும் இருந்தால் மேற்கூறிய முறையில் மீட்டுக் குளத்து மீனுக்கோ, காய்கறிக்கோ உபயோகிக்கலாம். பால், தயிர், வெண்ணெய் இவற்றுக்கு அதை உபயோகிக்கத் துணிவது சரியன்று. சொற்ப மிச்சத்துக்காக, வாடிக்கைக்காரர் ஒரு தரம் முகம் சுளித்துவிட்டால் அந்தக் கிராக்கியை மீண்டும் பெறுவது எளிதன்று. ஒரு குடும்பத்தில் இரண்டு பெட்டிகள் இருந்தால், மீனுக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று என்று நிறத்தாலோ எழுத்தாலோ அடையாளமிட்டு, கடன் கொடுக்கும்போதும் அதன்படியே கொடுக்க வேண்டும்.

கிராம அதிகாரிகளும் சங்கங்களின் நிர்வாகிகளும் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. 2019-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்படி கோமாரி நோய்த் தடுப்பூசி முகாம்கள் நடைபெறுகின்றன. அம்மருந்து 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேட் வரையுள்ள குளிர்ச்சியில் இருக்க வேண்டும். அதற்கு மேல் சூடேறினாலும், உறைந்துபோனாலும் பலனை இழந்துவிடும். அதற்கென்று கால்நடைத் துறையினர் கொண்டுவரும் தனிப் பெட்டிகள் உண்டு. முகாமில் இடம் போதவில்லையென்று ஊரிலுள்ள மீன் பெட்டியை இரவல் வாங்கி அதில் மருந்தை வைப்பதை அனுமதிக்கலாகாது. நாற்றம் மூடிய புட்டிக்குள் புகாது என்பது மெய்யே. ஆனால் தீராத நாற்றமுள்ள பெட்டி, அனேகமாய் நுரை நனைந்த பெட்டி. நுரை நனைந்த பெட்டியில் குளிர்ச்சி நிலையாது. மருந்து கெட்டதைப் புட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஊசி போட்டாயிற்று என்று கணக்கில் எழுதப்பட்ட மாடு சில மாதங்களுக்குப் பின் வாயில் நுரை தள்ளி நொண்டி நிற்கும்போதுதான் தெரியும். அப்போது பழி மருந்தின்மேலும் வைத்தியர்மேலும் விழுமேயன்றிப் பெட்டியின்மேல் விழாது.

சுத்தி செய்த பெட்டியை அடுத்த தேவை வரையில் வைக்கும் விதத்திலேயே பாதி நாற்றம் உண்டாகிறது. ஈரத்தோடு இறுக மூடிய பெட்டியில் இரண்டொரு நாளில் பூசணம் பற்றும். மழைக்காலத்தில் சொல்ல வேண்டியதில்லை. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே கட்டைவிரல் பருமனுள்ள ஒரு குச்சியைக் குறுக்கே வைத்துக் காற்று உலவச் செய்ய வேண்டும். வடிகாலைத் திறந்தே வைத்து, அடைப்பானைக் கயிற்றில் கோத்துப் பெட்டியின் கைப்பிடியில் கட்டிவிட்டால் காணாமற் போகாது. தவிட்டுப் பானைக்கும் உரமூட்டைக்கும் பக்கத்தில் வைக்காமல் சற்று உயரத்தில் வைப்பது நல்லது. எலிகள் வடிகால் துவாரத்தின் ஓரத்திலிருந்தே நுரையைக் கொறிக்கத் தொடங்குகின்றன. மீன் பிடிப்புக் காலம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னதாகப் பெட்டியை இறக்கி, அடியில் எழுதிய எடையோடு ஒத்திட்டு நிறுத்துப் பார்த்து, ரப்பர் வளையத்தைச் சோதித்து, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி ஓர் இரவு வைத்துக் கசிவில்லையென்று கண்டபின் ஐஸுக்குச் சொல்லி அனுப்பலாம்.